வளைந்த பித்தளையின் விலை

ட்ரம்பெட்டின் எடை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். முக்கால்வாசி செம்பு, மீதி துத்தநாகம். எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் தேறும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வைத்திருந்த நீல நிற மார்ட்டின் ட்ரம்பெட்டோ 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,75,000 டாலருக்குப் போனது. வாங்குபவருக்கு ஊதத் தெரியுமா என்றெல்லாம் ஏலத்தில் கேட்பதில்லை.

சாதாரண ட்ரம்பெட்டில் சின்னச் சொட்டை விழுந்தாலே வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்குவார். இன்னொரு ஜாஸ் கலைஞரான டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட் மேல் 1953இல் யாரோ விழுந்து, ஒலி வெளிவரும் அகன்ற வாய் வானம் பார்த்தது. அந்த ஒலி பிடித்துப்போய், அடுத்ததை வளைத்தே செய்து தரும்படி அவர் காசு கொடுத்துக் கேட்டார். சொட்டைக்கும் ஸ்டைலுக்கும் நடுவே ஒரு மேதை நின்றால் போதும்.

பாவம், கார்னெட். அதே பித்தளை, அதே மூன்று வால்வு, அதே பாடு. ஆனால் 1920களில் லூயி ஆம்ஸ்ட்ராங் அதை வைத்துவிட்டு ட்ரம்பெட்டை எடுத்தார். ஜாஸ் உலகமும் பின்னாலேயே போய்விட்டது. ஆல்ட்டோ ஹாரன் என்ற பழைய பித்தளை ஊதுகருவியின் கதை இன்னும் மோசம். ஒயர் நுழைத்து, பல்பு மாட்டி, மேசை விளக்காக்கி விற்கிறார்கள். அதற்கு ஆள் வருகிறது.