வால்வு அண்ணை

ஒக்ரோபர் நடுவில் ஏதோ ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடிக்கும். கதவைத் திறந்தால் கம்பளித் தொப்பியும் டோர்ச்சும் குறடுமாக ஒருவர் நிற்பார்.

"தம்பி, ஹோஸைக் கழட்டிப்போட்டீரோ?"

சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. சில வருடங்களில் அதுவும் இல்லை.

வால்வு அண்ணைக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அவருடைய மனைவிக்கும் வருமான வரிக்காரருக்கும் மட்டும் அது ஞாபகம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்கு இவர் என்றால், மார்க்கத்திலும் பிரம்டனிலும் ஏஜாக்ஸிலும் தமிழர் வீடு வாங்கிய தெருவெல்லாம் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். வந்த புதிதில் ஏதாவது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியிருப்பார். சொந்த வீட்டில் ஒரு தடவையாவது குழாய் வெடித்திருக்கும். இந்தக் கடைசித் தகுதி இல்லாமல் சிலர் போட்டிக்கு வருவதுண்டு. ஒரு மாரிக்கு மேல் தாக்குப் பிடிக்க மாட்டார்கள்.

அண்ணை வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம். துலா மிதித்த கால், மடை வெட்டிய கை. வெங்காயப் பாத்தி ஒன்று நிறைந்ததும் மண்ணை அள்ளி வாயை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிடுவதில் பத்து வயதிலேயே கெட்டிக்காரர். தண்ணீரின் குணம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்று நம்பித்தான் கனடாவுக்கு விமானம் ஏறினார். அது கல்லாகும் என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஐஸ்பழம் தின்றிருக்கிறார்தான். ஆனால் அது சைக்கிள் பெட்டியில் மணி அடித்துக்கொண்டு வரும். வீட்டுச் சுவருக்குள்ளே தானாக விளையும் என்று யார் கண்டது?

இப்போது அவரிடம் அகப்பட்டால் வகுப்புத்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும் என்பதில் தொடங்குவார். "ஆனா தம்பி, ஐஸ் பிடிச்ச இடத்திலைதான் பைப் வெடிக்கும் எண்டு நினையாதேயும். நல்லூர்த் தேரண்டு முன்னுக்குக் கயிறு கட்டி மறிச்சாச்சு. பின்னாலை இருந்து சனம் தள்ளுது. நடுவிலை நிக்கிறவன்ரை கதி என்ன? அதுதான் பூட்டின டாப்புக்கும் ஐஸுக்கும் நடுவிலை அகப்பட்ட தண்ணியின்ரை கதி." பொறியியல் படித்த என் மகன் இதைக் கேட்டுவிட்டு, சரியாகத்தான் சொல்கிறார் என்றான். தேர் என்றால் என்ன என்று பிறகு கேட்டான்.

வகுப்பு முடிந்ததும் செய்முறை. பேஸ்மன்டில் உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள் கையை விட்டு, வெளிக்குழாய்க்குப் போகும் வால்வைத் தேடிப் பூட்டுவார். பிறகு படியேறி வெளியே போய், சுவரிலிருக்கும் டாப்பை முழுதாகத் திறந்துவிட்டு மறுபடி கீழே இறங்குவார். அந்த வால்வின் விலாவில் சுண்டுவிரல் நுனியளவு பித்தளை மூடி ஒன்று உண்டு. பத்து வருடம் அந்த வீட்டில் குடியிருந்தும் நான் அதைக் கண்டதில்லை. குறட்டால் மெல்லத் தளர்த்தி, கீழே ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பார். குழாயில் தங்கிநின்ற தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பாதிக் கோப்பை நிறையும். அதை என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்.

"இந்த அரைக் கோப்பைதான் உம்மடை சுவரை உடைக்கிறது."

ஒரு வருடம் எனக்குப் புத்தி கூடிவிட்டது. உறையாத வகை டாப் என்று ஒன்றை வாங்கிப் பூட்டினேன். அதன் அடைப்பு வெளியே இல்லை. நீளமான தண்டின் முனையில், சுவருக்கு உட்பக்கம், சூடுள்ள இடத்தில் இருக்கிறது. பூட்டியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஆகவே இனி அண்ணை வேண்டாம், குறடு வேண்டாம் என்று ஹோஸைப் பூட்டியபடியே விட்டுவிட்டேன். ஹோஸ் பூட்டியிருந்தால் அது வடியாது என்ற சின்ன விஷயம், மே மாதம் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடத் திறந்தபோதுதான் விளங்கியது. இந்தக் குழாய்களின் கெட்ட குணமே அதுதான். ஜனவரியில் வெடித்துவிட்டு மே வரைக்கும் வாய் திறக்காது. வெளியே கன்றுக்கு நூலளவு தண்ணீர், உள்ளே பேஸ்மன்டில் வாடகைக்கு இருந்த பெடியன் கீழிருந்து கத்துகிறான்: "அங்கிள், சுவருக்குள்ளை மழை பெய்யுது!"

அண்ணை வந்தார். ஏசவில்லை. புல்லுக்குள் கிடந்த ஹோஸை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். அதற்கு ஏச்சே மேல்.

ஆண்களுக்கு ஹோஸ் என்றால் பெண்களுக்குத் தேங்காய் எண்ணெய். அது 24 பாகையிலேயே கட்டியாகத் தொடங்குவது. யாழ்ப்பாணத்தில் அந்தக் குணத்தைக் காட்ட அதற்குப் பெரிதாகச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இங்கே குசினி அலுமாரியில் வைத்த போத்தலிலேயே மெழுகாக நிற்கிறது. அப்படியானால் வெளிச்சுவரோடு ஓடும் சிங்க் குழாய்க்குள் அது என்ன செய்யும், அதோடு ஆட்டிறைச்சிக் கொழுப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது அண்ணையின் மார்கழிப் பிரசங்கம். சுடுதண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடுமே என்று யாராவது சொன்னால், "கரைஞ்சு எவ்வளவு தூரம் போகும்? அடுத்த முடக்கிலை போய்க் குந்தும்" என்பார். பிறந்தநாள் விருந்துகளுக்கு வெறும் பால்மா ரின் ஒன்றோடு வந்து சிங்க் பக்கத்தில் நின்றுகொள்வார். கறிச்சட்டியின் எண்ணெய் முழுவதும் அந்த ரின்னுக்குள் வடிய வேண்டும். இறுகியதும் உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்குப் போக வேண்டும். சட்டி கழுவ வந்த பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கடைசியில் யாராவது பொறுமை இழந்து, "இஞ்சருங்கோ, இந்த மனிசனை ஹோலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று தங்கள் கணவர்மாரைக் கூப்பிடுவார்கள். கணவர்மார் வரமாட்டார்கள். அவர்கள் வீட்டு வால்வும் இவர் கையில்தானே.

பேஸ்மன்டுத் தரையில் ஒரு வடிகால் வாய் இருக்கும். அதற்கு மாதம் ஒருமுறை அபிஷேகம் செய்வார். கீழே குழாய் கொக்கிபோல வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் மறிப்பது. மாரியில் வீட்டுக் காற்று காய்ந்துபோக, அந்தத் தண்ணீரும் மெல்ல ஆவியாகிவிடும். செத்த எலியைத் தேடி வீட்டைக் கவிழ்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அண்ணையின் வைத்தியம் ஒரு வாளி தண்ணீர், மேலே ஆவியாகாமல் காக்க ஒரு கரண்டி சமையல் எண்ணெய். ஒரு வீட்டில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். அந்த வீட்டோடு ஒரு கிழமை அவர் கதைக்கவில்லை.

குளிர் மைனஸ் 20க்கு இறங்கப்போகிறது என்று வானிலை அறிக்கை வாசித்த இரவுகளில் வாட்ஸப்பில் அவர் குரல் வரும். சிங்குக்குக் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும், வீட்டுச் சூடு குழாயில் படட்டும். வெளிச்சுவர்ப் பக்கத்து டாப்பை நூல்போல ஒழுகவிட வேண்டும். "தண்ணிக் காசு ஆர் கட்டுறது, அண்ணை?" என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். உடனே 2015 பெப்ரவரியை எடுத்துவிடுவார். நிலத்துக்கடியில் வரும் குழாயே உறைந்து, தண்ணீர் வராத வீடுகளிலிருந்து நகரசபையின் 311க்கு அழைப்பு மேல் அழைப்பாகப் போன மாதம் அது. குழாயை ஒழுகவிடச் சொல்லி நகரசபையே கேட்டது. அதற்கு மேல் யாரும் காசுக் கதை எடுப்பதில்லை.

2013 டிசெம்பர்தான் அவருடைய பொற்காலம் என்று நினைக்கிறேன். நத்தாருக்குச் சில நாள் முன்னர் உறைமழை பெய்து, கிளைகள் முறிந்து, ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் செத்துப்போன சமயம். எரிவாயு இருந்து என்ன? கரண்ட் இல்லாமல் ஃபேர்னஸ் ஓடாது. அண்ணை டோர்ச்சோடு வீடு வீடாக ஏறி, மெயின் வால்வைப் பூட்டி, கீழ்மாடி டாப்பைத் திறந்து, கக்கூஸ் தொட்டியையும் இழுத்துவிட்டுக் குழாய்களை வெறுமையாக்கிக்கொண்டு போனார். ஆட்கள் கரண்ட் உள்ள வீடுகளில் மூன்று குடும்பமாக நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். அவர் மட்டும், ஐஸில் சறுக்கி இடுப்பை உடைக்காமல், இருட்டில் மடை மாற்றிக்கொண்டு திரிந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய வயதில் இருபது குறைந்துவிடும்.

மார்கழி பிறந்தால் பாதித் தெரு ஊருக்குப் போய்விடும். மாரியில் வீட்டை வெறுமையாக விட்டால் யாராவது நாள்தோறும் வந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரைப் பூட்டி வடித்திருக்க வேண்டும் என்று பல காப்புறுதிப் பத்திரங்களில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பொடி எழுத்துக்குக் கை கால் முளைத்தவர்தான் அண்ணை. இடுப்பில் ஆறு வீட்டுத் திறப்பு. நீண்ட நாள் போகிறவர்களின் கக்கூஸிலும் சிங்க் வளைவுகளிலும் ரோஸ் நிறத்து உறையெதிர்ப்பு மருந்தை ஊற்றுவார். காருக்கு ஊற்றும் பச்சை நஞ்சு அல்ல, வீட்டுக் குழாய்க்கென்று விற்பது. போத்தலை இரண்டுதரம் வாசித்துவிட்டுத்தான் திறப்பார். கூலி கிடையாது. ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் பருத்தித்துறை வடை கொண்டுவருவார்கள். பங்குனி முழுக்க அவர் வீட்டில் நெறுக் நெறுக்கென்று சத்தம் கேட்கும்.

போன மாரிக்கு, பதினொரு வருடத்துக்குப் பிறகு, அண்ணையே ஊருக்குப் போனார். திறப்பையும் ஒரு கொப்பியையும் என்னிடம் தந்தார். அவர் வீட்டு வால்வு ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய துண்டு தொங்கியது. "பூட்டு", "தொடாதே", "தம்பி, இதையும் தொடாதே".

ஜனவரியில் ஒரு இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. அங்கே காலை எட்டரை.

"தம்பி, பேஸ்மன்டிலை நிக்கிறீரோ? மூச்சுக் காட்டாமல் நில்லும். தண்ணிச் சத்தம் ஏதும் கேக்குதோ?"

நின்றேன். இங்கே ஒரு சத்தமும் இல்லை. போனுக்குள்தான் ஒரு பெண்குரல் உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"அங்கை என்ன அண்ணை சத்தம்?"

"அது ஒண்டுமில்லை. தங்கச்சி வாழைக்குத் தண்ணி விடுற ஹோஸைத் தேடித் திரியிறாள்." குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி கை பொறுக்கேல்லை. கழட்டிச் சுருட்டி உள்ளுக்கு வைச்சிட்டன்."