இருகங்கை முதல் இன்ஸ்டால் வரை: ஒரு பெயராராய்ச்சி

சாத்தூருக்கு அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்தில் இருக்கிறது. ‘இருகங்கைக்குடி’ மருவி ‘இருக்கன்குடி’ ஆயிற்று என்பது ஊர் வழக்கு. ஆறு இரண்டு உண்டு. இரண்டில் ஒன்றும் கங்கையில்லை. ஆனாலும் காசி என்று நினைத்துச் சாத்தூரில் இறங்கிய பக்தர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, விதி ஒன்று: பெயர் பெருமை பேசலாம், ஆளை வழி தப்பவிடக் கூடாது.

சிவகாசிப் பட்டாசுகள் இவ்விதிக்கு முழுதும் கட்டுப்பட்டவை. அணுகுண்டில் அணுப்பிளவு இல்லை. பாம்பு மாத்திரையை எந்த வைத்தியரும் எழுதித் தருவதில்லை. லட்சுமி வெடி வாங்குகிறவர் கையைவிட்டு லட்சுமி போவாள். ஆனால் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஐயமில்லை.

எதிர்ச்சான்றுகள் மென்பொருள் கட்டும் கருவிகளில் மலிந்துள்ளன.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ கருவியை எழுதினார். அதைக் கொண்டு கட்டப்படும் லினக்ஸ் கெர்னலில் சுத்தம் மூன்று வகைப்படும். ‘கிளீன்’ போட்டால் கட்டும்போது சேர்ந்த கோப்புகளில் பெரும்பாலானவை போகும். அமைப்புக் கோப்பு தங்கும். ‘மிஸ்டர்ப்ராப்பர்’ அதையும் கூட்டித் தள்ளும். ‘டிஸ்ட்கிளீன்’ எடிட்டர் விட்டுப்போன காப்புக் கோப்புகளையும் விடாது. நடுவில் நிற்கும் மிஸ்டர் ப்ராப்பர், ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஒரு தரை துடைக்கும் திரவம். கூட்டுவது, மெழுகுவது, ஒட்டடை அடிப்பது என்று பிரித்துச் சொல்லும் வீட்டில் இக்குழப்பம் வந்திருக்காது.

உபுண்டுவில் ‘ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. அது புதிய விலைப்பட்டியலை வாங்கி வருவதோடு சரி. சரக்கு வேண்டுமானால் ‘அப்கிரேட்’ போட வேண்டும்.

உச்சச் சான்று ஜாவாக்காரர்களின் மேவன். சாத்தூரில் சேவு வாங்கினால் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கையில் தருவார், வாங்கியவர் தின்பார். மேவனில் ‘பேக்கேஜ்’ பொட்டலம் கட்டும், சரி. ‘இன்ஸ்டால்’ போட்டால் நிரல் ஓடத் தயாராகிவிட்டது என்று நினைப்பவர் ஏமாறுவார். பொட்டலம் அதே கணினியின் உள்ளூர்க் கிடங்குக்குள் போயிருக்கும். ‘டிப்ளாய்’ போட்டாலும் சர்வரில் எதுவும் ஓடத் தொடங்காது. பொட்டலம் தொலைவிலுள்ள இன்னொரு கிடங்குக்குப் பயணமாகும். சேவு குடோன் குடோனாகச் சுற்றுகிறது, தின்ன ஆளில்லை.

தமிழில் இன்ஸ்டாலுக்கு ‘நிறுவுதல்’ என்பார்கள். ஆய்வேடுகளில் அதே சொல்லுக்குச் சான்று காட்டி மெய்ப்பித்தல் என்று பொருள். இவ்வாய்வின் முடிவுகள் மேவன் முறைப்படி நிறுவப்பட்டுள்ளன: ஆய்வாளரின் சொந்த மேசை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.