அடையாறு சிக்னலும் 32 பற்களும்: விலாசவியல் நோக்கில் ஓர் ஆய்வு

பல் மருத்துவ முதலாண்டு மாணவர்கள் மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்கிப் பழகுகிறார்கள். அதற்கு முன் அவர்களை அடையாறு சிக்னலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

சான்று வருமாறு. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எண்முறை வாயை நான்கு பாகமாக்குகிறது. முதல் இலக்கம் பாகத்தின் எண். அடுத்தது, நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 1, 2 வெட்டுப்பல், 3 கோரைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பல், 6, 7, 8 கடைவாய்ப்பல். இப்போது சர்தார் பட்டேல் சாலையையும் எல்.பி. ரோட்டையும் இரு புறமும் நீட்டுக. வடமேற்கே காந்தி நகர் (1), வடகிழக்கே பிரம்மஞான சபை (2), தென்கிழக்கே சாஸ்திரி நகர் (3), தென்மேற்கே கஸ்தூரிபா நகர் (4). வலஞ்சுழி வரிசைகூடப் பிசகவில்லை! ஞானப்பல் 28, சபையின் எல்லைக்குள் விழுவது தற்செயல் என்போர் தாராளமாக வாதத்துக்கு வரலாம். அங்குள்ள ஆலமரம் 1989-இல் நடு அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகளால் நிற்கிறது. மேல் கடைவாய்ப்பல்லுக்கும் பெரும்பாலும் மூன்று வேர்கள்.

நடுக்கோடான எல்.பி. ரோடு பார்த்த முகம் மீசியல். அதற்கு முதுகு காட்டுவது டிஸ்டல். ஒரு பல்லின் டிஸ்டலும் அடுத்ததன் மீசியலும் ஒட்டும் சந்தில் பிரஷ் நுழையாது. சொத்தை நுழையும்.

ஒரு சிக்கல் உண்டு. காந்தி நகர் வரைபடத்தில் இடப்பக்கம். 1 என்பதோ நோயாளியின் வலது மேல்தாடை. எதிரே நிற்பவர் கண்ணுக்கு வலம் இடமாகும். "லெஃப்டா ரைட்டா, கரெக்டா சொல்லு சார்" என்று ஆட்டோக்காரர் கேட்பதும் இதைத்தான். தவறினால் அவர் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். பிடுங்கிய பல் திரும்பி வராது.

பால்பற்கள் 20. பாக எண்கள் 5 முதல் 8 வரை. சென்னைவாசிக்கு இதை விளக்கவே வேண்டாம்: பழைய எண் 55, புதிய எண் 15. பழைய வீட்டை இடித்த இடத்தில் புது ஃபிளாட்.

ஆனால் ஆறாம் பல்லுக்குப் பழைய எண் கிடையாது. ஆறு வயதுவாக்கில், பால்பற்களுக்குப் பின்னால், காலி மனையில், எதையும் இடிக்காமல் சத்தமின்றி எழும்புகிறது. அதனாலேயே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சொத்தை தெரிந்தாலும், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது. பிற்பாடு அந்த மனையில் இம்ப்ளாண்ட்தான் எழுப்ப வேண்டும், அதுவும் அடையாற்றுச் சதுர அடி விலையில்.