ஒன்பது வரமும் ஒரு குழாயும்

வடசென்னையில் வாலிபர் முகாமுக்கு இப்போதெல்லாம் வேதாகமத்தோடு ஒரு பேனாவும் கொண்டுவரச் சொல்கிறார்கள். கேள்வித்தாளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால், ஆவியானவர் நமக்கு ஒதுக்கிய வரம் இன்னதென்று டீ வருவதற்குள் தெரிந்துவிடும். 1970களில் அமெரிக்கச் சபை வளர்ச்சி நிபுணர்கள் தயாரித்த சரக்கு.

முடிவுகள்தான் விசேஷம். தங்கச்சிக்குப் பாட்டு வரம், அண்ணனுக்கு நாற்காலி அடுக்கும் வரம், துபாய் மாமாவுக்குத் தவறாமல் கொடுக்கும் வரம். கேள்வி கேட்கும் வரம் மட்டும் யாருக்கும் விழாது. பவுல் சொன்ன ஒன்பதில் அது இல்லையே என்பார் பாஸ்டர். தீர்க்கதரிசனம் இருக்கிறதே ஐயா! தாவீது ராஜாவின் குற்றத்தை நாத்தான் அவன் முகத்துக்கு நேரே சொன்னானே, அது? நம்மூர்த் தீர்க்கதரிசனம் விசா வரும், மனை அமையும் என்பதோடு ஆமென் சொல்லிவிடுகிறது.

2023 டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். எண்ணூரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை இன்னும் இறக்கவில்லை. கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் நள்ளிரவு நெருங்கும்போது கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் சனம் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆவிகளைப் பகுத்தறியும் வரம் அன்று குப்பத்துக்கே இறங்கியது. எந்தக் கம்பெனி என்று மூக்கே சொன்னது. துபாய் மாமாவின் மனையை மேடையிலிருந்தே தரிசனத்தில் பார்க்கிறவருக்கு, கூப்பிடு தூரத்துக் குழாய் மட்டும் ஏன் தெரிவதில்லை?

அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும், சிலர் வெறுங்கையாலும் அள்ளினார்கள். 2017இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்தான். கோடிகளில் புரளும் தொழிற்பேட்டைக்கு ஏழையின் கையைவிட நல்ல இயந்திரம் ஆறு வருஷத்தில் அகப்படவில்லை. உதவி ஊழிய வரம் என்று அந்தக் கைகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

பவுல் கடிதம் எழுதிய கொரிந்துவும் துறைமுகப் பட்டணம்தான். கர்த்தருடைய பந்தியிலேயே வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவன் பசியோடு நின்றான். அந்தக் கோபத்தைப் பதினோராம் அதிகாரத்தில் கொட்டிவிட்டுத்தான் மனுஷர் பன்னிரண்டில் வரங்களுக்கு வருகிறார். நம் முகாம்கள் நேரே பன்னிரண்டைத் திறக்கின்றன. பதினொன்றுக்கு மதிப்பெண் கிடையாது.

கசிவுக்குப் பிறகு குப்பத்து ஆண்களும் பெண்களும் ஆலைக்கு எதிரே நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அடுத்த முகாமை அங்கே வையுங்களேன். மைக் செட் உங்களிடம் இருக்கிறது, எண்ணூரைத் தாண்டிக் கேட்கும். அந்நியபாஷை வேண்டாம். பதினாயிரம் வார்த்தையைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுலே எழுதியிருக்கிறார். கலெக்டருக்குப் புரிகிற தமிழில் அந்த ஐந்தைச் சொல்லுங்கள்: அந்தக் குழாயை எங்கள் கடலிலிருந்து எடு.