சிறுவாணி குடிக்காத அம்பாசிடர்

கல்லாறு தாண்டி ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பானெட் ஓரமாக வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தபோது, மலைப் பனி என்றுதான் பெரியப்பா சொன்னார். மே மாதம், காலை எட்டரை மணி, சுள்ளென்ற வெயில். பின் சீட்டில் நெருக்கியடித்திருந்த ஐந்து பேரில் ஒருவரும் நம்பவில்லை. டெம்பரேச்சர் மீட்டர் முள் கோடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "அது எப்பவும் அப்படித்தான்" என்றார். அடுத்த நிமிடம் வண்டி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு நின்றது.

1984 மாடல் அம்பாசிடர். 1489 சிசி இன்ஜின். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் தயாரிப்பு நின்றுபோனாலும், ஆயுதபூஜைக்குப் பெரியப்பா வைக்கும் சந்தனப் பொட்டு நின்றதில்லை.

சக்கரத்துக்குக் கல் வைத்ததும் வைத்தியம் தொடங்கியது. சின்ன மாமா ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம்தான் அமுங்கியது, பெல்ட் நிரபராதி. அத்தை ஒன்றும் சொல்லாமல் பெரியம்மாவின் முறுக்கு டின்னையே பார்த்தார். "தெர்மோஸ்டாட்தான்" என்று பெரியப்பா தீர்ப்பு சொல்ல, அந்த வால்வை ஒரு மெக்கானிக் என்றைக்கோ பிடுங்கி எறிந்ததையும், அப்போது தலையாட்டியது யார் என்பதையும் பெரியம்மா நினைவூட்டினார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன தம்பியை நாலு கை பிடித்து இழுத்தது. மூடிக்குள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பொறுத்திருக்கும். திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அப்போது பள்ளத்தாக்கில் மலை ரயில் கூவியது. 1899-ல் குன்னூர் வரை போட்ட பாதை. அந்த ரயிலும் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் ஏறும். ஒரே வித்தியாசம், அங்கே தண்ணீர் கொதித்தால்தான் வண்டி நகரும்.

வந்த வழியே உருட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் சேர்ந்தார்கள். மெக்கானிக் பையன் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ரேடியேட்டரை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவினான், டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "நடுவுல சுடுது, இந்த ஓரம் ஜில்லுனு இருக்குதுங்ணா. குழா அடைச்சிருக்கு."

ஈயப் பற்றை உருக்கி மேல் டேங்கைத் திறந்தால், வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு. பித்தளைக் குழாய்களில் பாதிக்கு மேல் வாய் மூடிக் கிடந்தன.

"என்ன தண்ணீங்ணா ஊத்தறீங்க?"

"போர் தண்ணிதான்."

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்கச் சிறுவாணி அணைத் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போரில் வரும் உப்புத் தண்ணி. பெரியம்மா இருபது வருடப் பாக்கியைத் தீர்த்தார். "நல்ல தண்ணிய வண்டிக்கு ஊத்தறதான்னு என்னை வாளியவே தொட உடலீங்க, தம்பி."

மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டுக் குத்தி எடுக்க அரை நாள் ஆனது. பச்சைக் கூலன்ட்டைப் பேட்டரித் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றினான். துருவும் பிடிக்காது, சீக்கிரம் கொதிக்கவும் கொதிக்காது. "அவசரத்துக்குன்னா நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றான்.

அவசரத்துக்கு என்ற சொல் பெரியப்பா காதில் விழவில்லை போலும். சிறுவாணி வருகிற நாளில் குடத்துக்கு முன்னால் ஐந்து லிட்டர் கேன் நிரம்புகிறது. மேலே 'வண்டி' என்று பெயின்டில் எழுதியிருக்கிறார். ஜூனில் மறுபடி மலையேறியபோது பர்லியாரில் பேத்தி தாகம் என்றாள். டிக்கியில் கேன் தளும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா இறங்கிப்போய் அரை கிலோ மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார்.