ஆத்துல போன சரக்கும் ஏட்டுல போன லாபமும்

என்னா மருமவனே, கடலூர் ஆல்பேட்டைக் கடை வாசல்ல இப்படிக் குந்திக்கினு இருக்க? 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறினப்ப, "தப்பிச்சோம் மாமா"ன்னு போன்ல சிரிச்ச. ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணையில தொறந்த தண்ணி பெண்ணையாத்து வழியா வந்து உன் கல்லாப்பெட்டிய விசாரிச்சிட்டுப் போச்சு.

எவ்ளோ நட்டம்னு கேட்டா, "எல்லாம் போச்சு"ங்கற. எல்லாம்னு எழுதிக் குடுத்தா எந்த இன்சூரன்ஸ்காரன் பணம் குடுப்பான்? ஸ்டாக் நோட்டும் கூழாப் போச்சு. சர்வேயர் சேத்துக்குள்ள எறங்கி ஒவ்வொரு பொடவையா எண்ணவா போறாரு?

எண்ண வேணாம்டா. மார்ச் 31ல உங்கிட்ட இருந்த சரக்கு 12 லட்சம். அதுக்கப்புறம் வெள்ளம் வர்ற வரைக்கும் வாங்கினது 40. ரெண்டும் 52. வித்தது 50. அந்த 50ஐ அப்படியே கழிச்சிப்புடாத, உன் லாபமும் அதுக்குள்ளதான் இருக்குது. வித்த வெலையில நூத்துக்கு 20 லாபம்னா, வித்த சரக்கோட அசல் 40. அப்ப கடையில 12 லட்சம் சரக்கு இருந்திருக்கணும். நனைஞ்சத வந்த வெலைக்குத் தள்ளினா 2 லட்சம் தேறும்னு வச்சிக்க, நட்டம் 10.

ஏன் தலையச் சொறியற? தெரியும்டா. வரிக் கணக்குல மொத்த லாபமே நூத்துக்கு 8தான்னு மூக்கால அழுது எழுதிக் குடுத்திருக்க. சர்வேயர் அந்தக் காயிதத்தத்தான் மொதல்ல கேப்பாரு. 8ன்னா வித்ததோட அசல் 46, மீதிச் சரக்கு 6 லட்சம். ஆறு பாதியக் கூட அடிச்சிக்கினு போகல, நீயே அடிச்சிட்ட!

அப்படியே 20ன்னாலும் எதுக்கு 20? நூறு ரூபாய்க்கு வாங்கி நூத்தி இருவதுக்கு விக்கிறதுதான் உன் வழக்கம். அது விக்கிற வெலையில பதினாறே முக்காலுக்குக் கிட்ட. மீதிச் சரக்கு 10 லட்சத்து 33 ஆயிரத்துக்கு எறங்கிடும். தீவாளிக்கு போர்டு போட்டுத் தள்ளுபடி குடுத்தியே, அதையும் கழிச்சாத்தான் இந்த வருச லாபம்.

பில்லு போடாம வித்ததச் சொல்லாம வுட்டா, அந்தச் சரக்கும் கடையிலயே இருந்த மாதிரி கணக்கு ஏறும். பல்லக் காட்டாத. பத்துக்குப் பன்னெண்டு கடையில லாரி லோடு எங்க அடுக்கினன்னு சர்வேயர் டேப்பு புடிச்சிக் கேப்பாரு. அப்ப என்னைய சாட்சிக்குக் கூப்புடாத.

2011 டிசம்பர் 30ல தானே புயல் கடலூர அடிச்சப்ப, நனைஞ்ச பில்ல எரவாணத்துல காயப்போட்டுத்தான் கணக்கு தேடினோம். உனக்கென்ன, நீ வாங்கினது ஜிஎஸ்டி போர்ட்டல்ல கெடக்குது, வெள்ளம் அங்க ஏறாது. ஆனா அழிஞ்ச சரக்குக்கு எடுத்த வரிக் கழிவத் திருப்பிக் கட்டணும். அந்தச் சட்டமும் உனக்காகவே காத்துக்கினு இருக்குது.

எழுந்திரு. ஆடிட்டர்கிட்ட போயி மார்ச் கணக்கையும் மூணு வருச லாப விகிதத்தையும் வாங்கு. சிதம்பரம் மேல வீதியில மொத்தமா எடுத்தியே, அங்க பில்லு நகல் கேளு. சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் ஈரப் பொடவைய ஒண்ணையும் வெளிய கொட்டாத, போட்டோ புடிச்சி வை. 8ஆ, 20ஆன்னு மட்டும் ராத்திரிக்குள்ள முடிவு பண்ணிடாத. ஏட்டுல என்ன இருக்குதோ அதுதான்.