ரெக்கார்டு அண்ணன்

தோட்டத்துப் பழைய கிராணி ஒருவர் காலமானார் என்று பத்திரிகையில் படம் வந்தால், உறவுக்காரர்களுக்கு முன்பே போய் நிற்கிற ஒருவர் பேராக்கில் உண்டு. வெள்ளைச் சட்டை, கையில் மாலை, முகத்தில் அளவான துக்கம். "நல்ல மனுசன்" என்று இரண்டு முறை சொல்வார். கண் மட்டும் பெட்டியின் தலைமாட்டைத் தாண்டி, ஹாலில் இருக்கும் ஷோகேஸின் அடித்தட்டில் நிற்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கும் தவறாமல் வருவார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மகனை ஓரமாக அழைத்து, "அப்பாவுக்குப் பாட்டுன்னா உயிராச்சே தம்பி, ரெக்கார்டு எல்லாம் பத்திரமா இருக்கா?" என்பார். மாலை வாங்கியது அந்தக் கேள்விக்காகத்தான்.

ஈப்போவில் இவரை ரெக்கார்டு அண்ணன் என்றால் தெரியும். பேர் வேறு ஏதோ இருக்கிறது. அது அடையாள அட்டைக்கு.

ரெக்கார்டு சேர்க்கிறவர் என்றதும் பாகவதர், சுந்தராம்பாள் என்று நினைத்துவிடக் கூடாது. அதெல்லாம் பெருசுகள் சமாச்சாரம் என்பார், தமக்கும் அறுபது தாண்டிவிட்டதை மறந்து. இவர் தேடுவது பொப் இசை. அதில் எது சேர்த்தி, எது தள்ளுபடி என்று தமக்கென ஒரு சாத்திரமே வைத்திருக்கிறார். 1979-ல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' சினிமாப் பாட்டா, பொப்பா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அன்று வீடு போய்ச் சேர முடியாது. கதை பாட்டுக்குழுவைப் பற்றியது, நடப்பது சிங்கப்பூரில், விஸ்வநாதனே கோட்டை மீறி விளையாடியிருக்கிறார், ஆகவே பொப். இலங்கையின் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் இருவருக்கும் விசாரணையே இல்லாமல் அனுமதி. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அலிகேட்ஸ் குழுவில் பாடிப் பேர் வாங்கியது மலாய்ப் பாட்டுகளால். "பாட்டு மலாய், தொண்டை நம்மது" என்று அதையும் தமிழ் அடுக்கில் நிறுத்தியிருக்கிறார். 2007-ல் லோகநாதன் போனபோது ஒரு வாரம் யாரிடமும் விலை பேசவில்லை. அண்ணன் அனுசரித்த உண்மையான துக்கம் அது ஒன்றுதான் என்பது என் கணக்கு.

ஆனால் ராத்திரியில் அவரைப் புரளவைப்பது பீட்டில்ஸ். லண்டனில் 78 சுழற்சித் தட்டை 1960 வாக்கிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் 1908-லிருந்து தட்டு அடித்துவந்த நாய் மார்க் கம்பெனியோ அறுபதுகளின் நடுப்பகுதியிலும் விடவில்லை. கரண்டு இல்லாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிதானே இருந்தது? அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளும் பார்லோபோன் லேபிள் ஒட்டி அரக்குத் தட்டில் வந்தன. மரத்தில் பூச்சி கக்கிய அரக்கில் லிவர்பூல் பையன்கள்! உலகம் பூராவும் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள்.

அண்ணனின் தர்க்கம் இதோடு நிற்காது. மதராஸிலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பல் ஓடியது. அதில் வந்த யாரோ ஒருவரின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று வந்திருக்கும். தோட்ட லயத்தில் ஏது கரண்டு? ஆகவே 78தான் வாங்கியிருப்பார். ஆகவே அது சிம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது.

"துரை பங்களாவில் இருந்திருக்கலாமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"துரை வீட்ல ஜெனரேட்டர் இருந்துச்சு லா. அவன் எதுக்கு 78 வாங்குறான்?"

மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு மெமரி லேன் பசார் காராட் என்கிற பழஞ்சாமான் சந்தைக்குக் கைவிளக்கோடு கிளம்பிவிடுவார். அங்கே அவர் நடிப்பைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். தட்டுக்கட்டு கண்ணில் பட்டதும் அதற்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒரு பழைய தேநீர்க் கெண்டியை எடுத்து மூக்கைத் திருகி விலை கேட்பார். அடுத்து ரைஸ் குக்கர். அதன் வயர் நைந்திருக்கிறது என்று குறை சொல்வார். போகிற போக்கில் காலால் தட்டுக்கட்டைத் தொட்டு, "இதென்ன அப்பெக், குப்பையா?" என்பார். சீனக் கிழவர் பத்து வருசமாக இந்தக் கெண்டி நாடகத்தைப் பார்த்துவருகிறவர். "அண்ணே, கெண்டி மூணு வெள்ளி. குப்பை எண்பது" என்பார். ஐந்தாறு கெண்டிகள் இப்படியே அண்ணன் வீட்டில் சேர்ந்துவிட்டன.

வாங்கிய தட்டைக் கேட்பாரா என்றால், அதுதான் இல்லை. பார்ப்பார். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து, கீறலை நகத்தால் வருடி, லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடியால் படிப்பார். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அதனால் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு. லேபிளில் நீர் படாமலிருக்க ஐஸ்கிரீம் டப்பா மூடியை அழுத்திப் பிடிப்பார். தன் பிள்ளைகளை அவர் இவ்வளவு பதமாகக் குளிப்பாட்டியதில்லை என்பது அவர் மனைவியான அக்காவின் வாக்குமூலம். காய்ந்ததும் உறை, உறைக்கு மேல் பிளாஸ்டிக் உறை, பிறகு குளிர்சாதன அறை. அக்கா படுக்கிற அறையில் காற்றாடி.

கிண்டல் போதும். லயங்களை இடித்து, ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்து, சனங்களைத் தாமான் வீடுகளுக்கு ஏற்றிவிட்டபோது, லாரியில் இடமில்லாததெல்லாம் 'பேப்பர் லாமா', அதாவது பழைய பேப்பர், என்று ஒலிபெருக்கி வைத்து வருகிறவனிடம் கிலோ கணக்கில் போனது. அதில் பாட்டும் போனது. அந்த லாரியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

போன மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்பு தோட்டத்தில் பால்வெட்டிய பாட்டி. கோப்பி வந்தது, பிஸ்கட் வந்தது, தட்டு வரவில்லை. "எல்லாம் போச்சு தம்பி. ஒண்ணை அரிசிப் பானைக்கு மூடியா வச்சிருந்தோம், பேரன் உடைச்சிட்டான்" என்றார் பாட்டி. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தபடியே ஷோகேஸைப் பார்த்தவர், எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளே பிளாஸ்டிக் ரோஜா வைத்த கறுப்புக் கிண்ணம். ஓரமெல்லாம் அலை அலையாக மடிந்திருந்தது. வினைல் தட்டைச் சூடாக்கினால் இளகும். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அமுக்கினால் பூச்சாடி. பாட்டியின் மகள் பள்ளிக் கைவேலைக்குச் செய்து பரிசு வாங்கியதாம். அண்ணன் ரோஜாவை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுத்தார். கைவிளக்கைக் கிண்ணத்துக்குள் அடித்தார். அடியில் லேபிள் அப்படியே இருந்தது. இலங்கைப் பொப். அவர் பட்டியலில் இல்லாத எண்.

"பாட்டி, இதைக் குடுத்துருங்க. நூறு வெள்ளி தரேன்."

"பூவுக்கா தம்பி?"

இருநூறு ஆனது. முந்நூறானதும் பாட்டிக்குச் சந்தேகம் வந்து, கிண்ணத்தை உள்ளே வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார். மகளைக் கேட்காமல் தர முடியாது, மகள் கிள்ளானில்.

திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி, பட்டியல் நோட்டை எடுத்தார். எண்ணை எழுதி, 'நிலை' என்ற கட்டத்தில் வழக்கமாக நன்று, சுமார், கீறல் என்று போடுகிறவர், 'கிண்ணம்' என்று எழுதினார். தொலைபேசி மணி அடித்தது. தைப்பிங்கில் இவரைப் போலவே ஒருவர் இருக்கிறார்; அவர்தான்.

"அண்ணே, சுங்கை சிப்புட்ல ஏதோ பூச்சாடி இருக்காமே?"

"யார் சொன்னா? நேர்ல பார்த்துட்டுத்தான் வரேன் தம்பி. சுத்த பிளாஸ்டிக்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் திரும்பி, கிள்ளானுக்கு இப்போதே கிளம்பினால் ராத்திரிக்குள் போய்விடலாமா என்று கேட்டார்.